ஐந்தெழுத்து

ஐந்தெழுத்து என்றால் நம் ஊரில் ஒன்றுதான் அர்த்தம். அதைச் சொல்லுகிறவர்கள் குளித்து, நெற்றி நிறைய நீறு பூசி, கிழக்குப் பார்த்து உட்கார்ந்து சொல்லுவார்கள். என் அடுத்த வீட்டுக்காரரும் காலை ஐந்தரை மணிக்குக் கிழக்குப் பார்த்துத்தான் உட்காருகிறார். அவரும் ஐந்தெழுத்தோடுதான் மன்றாடுகிறார். ஆனால் அவர் கையில் இருப்பது செல்போன். அவர் தேடுவது ஓர் இங்கிலீஷ் வார்த்தை.

முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர் அவர். அந்த ஆட்டத்துக்கு 'வேர்டில்' என்று பெயர். ஐந்து கட்டம், ஆறு வாய்ப்பு. ஏதாவது ஓர் ஐந்தெழுத்துச் சொல்லைப் போட வேண்டும். எழுத்தும் இடமும் சரியானால் கட்டம் பச்சையாகும். எழுத்து உண்டு, இடம் வேறு என்றால் மஞ்சள். எழுத்தே இல்லை என்றால் சாம்பல் நிறம். இந்த மூன்று நிறத்தை வைத்துக்கொண்டு அன்றைய சொல்லைக் கண்டுபிடித்துவிட வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு சொல். உலகம் முழுவதற்கும் அதே சொல்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கட்டுரையில் இம்மாதிரி ஆட்டங்களைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். பாஷையின் தோலை உரித்து எலும்பை எண்ணுகிற வேலை என்று. வாத்தியார் அதைப் படித்தார். கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாள் வேலி ஓரமாக வந்து நின்று, "எலும்பு இல்லாமல் நிற்க முடியுமா, ஸார்?" என்று மட்டும் கேட்டார். அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன். பதில் சொல்ல இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

முதலில் என் ஆட்சேபத்தைச் சொல்லிவிடுகிறேன். எழுதுகிறவனும் சொல்லைத் தேடுகிறவன்தான். ஆனால் அவன் தேடுகிற திசை வேறு. ஆடுகிறவனிடம் எழுத்து இருக்கிறது, சொல் இல்லை. அர்த்தத்தைப் பற்றி அவனுக்குக் கவலையும் இல்லை. எழுதுகிறவனிடம் அர்த்தம் இருக்கிறது. எழுத்து ஒன்றுகூடக் கையில் இல்லை. என் நாவல் ஒன்றில் ஒரு பெண் தான் பிறந்து வளர்ந்த வீட்டை விற்றுவிட்டுக் கடைசியாகப் பூட்டிக்கொண்டு புறப்படுகிறாள். நாலடி நடந்து திரும்பி வந்து பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறாள். நாளைக்கு அது வேறொருவர் வீடு. பூட்டு சரியாக விழுந்தால் என்ன, விழாவிட்டால் என்ன? அந்த இழுப்புக்கு என்ன பெயர்? பழக்கமா, பாசமா, சந்தேகமா? 10 நாள் தேடினேன். 11-ஆம் நாள் 'பூட்டை இழுத்துப் பார்த்தாள்' என்று எழுதிவிட்டு மேலே போய்விட்டேன். தேடிய சொல் கிடைக்கவில்லை. அதைத் தேட வேண்டியதில்லை என்பது கிடைத்தது. எனக்குப் பச்சையும் மஞ்சளும் காட்டுவதற்கு ஒருவரும் இல்லை.

இப்படித் திசை மாறிய தேடலை ஒரு பொழுதுபோக்காகப் பத்திரிகையில் புகுத்தியவர்களில் ஒருவர் சாமானியப்பட்டவர் அல்ல. குழந்தைகளுக்கு ஆலிஸின் கதையை எழுதிய லூயிஸ் கரோல்தான் அவர். ஆக்ஸ்போர்டில் கணிதம் கற்பித்த ஆசாமி. 1879-இல் 'வானிட்டி ஃபேர்' பத்திரிகையில் 'டப்லெட்ஸ்' என்று ஒரு புதிரைத் தொடங்கினார். ஒரே நீளமுள்ள இரண்டு சொற்களைக் கொடுப்பார். ஒரு தடவைக்கு ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, நடுவில் வருவதெல்லாம் அகராதியில் உள்ள சொல்லாகவே இருக்கும்படி, முதல் சொல்லிலிருந்து இரண்டாவதற்குப் போய்ச் சேர வேண்டும். நானும் ஒன்று செய்து பார்த்தேன். 'ஹேட்' என்றால் துவேஷம். அதில் முதல் எழுத்தை மாற்றினால் 'லேட்', தாமதம். அதில் ஒன்றை மாற்றினால் 'லேவ்' என்று ஒரு பழைய சொல், கழுவுதல் என்று அர்த்தம். இன்னும் ஒன்றை மாற்றினால் 'லவ்'. துவேஷம், தாமதம், கழுவுதல், அன்பு: மூன்றே அடியில் வந்து சேர்ந்துவிட்டது. இதே தூரத்தைக் கடக்க எனக்கு முந்நூறு பக்கம் வேண்டியிருக்கிறது. அப்படியும் சில கதாபாத்திரங்கள் தாமதத்திலேயே நின்றுவிடுகிறார்கள்.

கரோலுக்குப் பின் வந்தவர்கள் இதை வியாபாரமாக்கினார்கள். 1913 டிசம்பர் 21-ஆம் தேதி 'நியூயார்க் வேர்ல்ட்' பத்திரிகையில் ஆர்தர் வின் என்பவர் வைர வடிவத்தில் ஒரு கட்டப் புதிரைப் போட்டார். லிவர்பூலில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர் அவர். குறுக்கெழுத்துப் போட்டி பிறந்தது அன்றைக்குத்தான். அதிலாவது அர்த்தத்துக்குக் கொஞ்சம் மரியாதை இருந்தது. குறிப்பு என்று ஒன்றைக் கொடுத்து, அதற்குப் பொருந்துகிற சொல்லைத்தான் கேட்டார்கள்.

அந்த மரியாதையையும் நீக்கியவர் ஆல்ஃபிரட் பட்ஸ். கட்டடக் கலைஞர், 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலை போய்விட்டது. வீட்டில் உட்கார்ந்து பத்திரிகைகளில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ண ஆரம்பித்தார். அந்தக் கணக்கில் பிறந்ததுதான் பிற்பாடு 'ஸ்க்ராபிள்' என்று பெயர் பெற்ற ஆட்டம். மொத்தம் 100 வில்லை. அடிக்கடி வருகிற 'இ' எழுத்துக்கு 12 வில்லை. அதன் மதிப்பு ஒன்றே ஒன்று. அபூர்வமான 'க்யூ' ஒன்றே ஒன்று; அதன் மதிப்பு 10. 'எஸ்' எழுத்தைச் சொல்லின் கடைசியில் ஒட்டிப் பன்மையாக்கி எல்லோரும் சுலபமாகப் பிழைத்துவிடுவார்களே என்று அதற்கு நாலு வில்லையோடு நிறுத்திக்கொண்டார். வேலையில்லாதவர் உண்டாக்கிய நாணயப் புழக்கம் என்று இதைச் சொல்லலாம். எது அரிதோ அதற்கு விலை அதிகம்.

இலக்கியத்தின் கணக்கு இதற்கு நேர் விரோதமானது. அரிய சொல்லைக் கொண்டுவந்து போடுகிற எழுத்தாளனுக்கு வாசகர் ஒரு மார்க்குக்கூடக் கொடுப்பதில்லை. அகராதியைத் தேட வைத்தான் என்று முணுமுணுப்பார். வீடு, சோறு, மழை, அம்மா என்று தெருவில் கிடக்கிற சொல்லை எடுத்துச் சரியான இடத்தில் வைக்கிறவனுக்குத்தான் பத்து.

அர்த்தத்தைத் தள்ளிவிட்டு ஆடினால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஓர் எல்லைக்கல் நட்டிருக்கிறார் நைஜல் ரிச்சர்ட்ஸ். நியூஸிலாந்துக்காரர். பிரெஞ்சு பேசத் தெரியாது. ஸ்க்ராபிளுக்கு என்று உள்ள பிரெஞ்சுச் சொற்பட்டியலை ஒன்பது வாரத்தில் மனப்பாடம் செய்தார். 2015-இல் பெல்ஜியத்தில் நடந்த பிரெஞ்சு மொழி ஸ்க்ராபிள் உலகப் போட்டிக்குப் போனார். பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டவர்களை உட்கார வைத்துத் தோற்கடித்துவிட்டு வந்தார். 2024-இல் ஸ்பானிஷ் மொழிப் போட்டியிலும் இப்படியே ஜெயித்தார்.

இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு வியப்பைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. அந்த மனிதருக்குப் பிரெஞ்சில் அம்மாவும் தெரியும், ஆட்டுக்குட்டியும் தெரியும், துக்கமும் தெரியும். எது எதுவென்றுதான் தெரியாது. சந்தை தெரியாத ஒருவர் அதன் சாமான்களையெல்லாம் எடை போட்டு ஜெயித்த மாதிரி. அவருடைய ஞாபக சக்தியை நான் குறைத்துச் சொல்லவில்லை. மனித புத்தியின் பெரிய காரியங்களில் அது ஒன்று. ஆனால் வாத்தியார் என்னிடம் கேட்டாரே, எலும்பு இல்லாமல் நிற்க முடியுமா என்று, அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது. எலும்பு மட்டும் நடந்து வந்தால் அதற்கு என்ன பெயர், ஸார்?

இந்த இடத்திலேயே கட்டுரையை முடித்திருந்தால் என் பழைய வரி நிலைத்திருக்கும். முடிக்க முடியாமல் செய்தவை இரண்டு விஷயங்கள்.

முதலாவது, வேர்டில் பிறந்த கதை. ஜோஷ் வார்டில் என்ற கம்ப்யூட்டர் எஞ்சினீயர் அதை விற்பதற்காகச் செய்யவில்லை. தன் துணைவிக்குச் சொல் விளையாட்டு பிடிக்கும் என்று அவளுக்காகச் செய்தார். இங்கிலீஷில் ஐந்தெழுத்துச் சொற்கள் சுமார் 12,000 கிடைத்தன. பாதிக்கு மேல் யாரும் கேள்விப்படாத சொற்கள். அந்தப் பட்டியலை அவள் முன் வைத்தார். தெரிந்தது எது, தெரியாதது எது என்று ஒவ்வொரு சொல்லாக அவள் பிரித்துக் கொடுத்தாள். அப்படிச் சலித்து, விடையாக வரக்கூடியவை சுமார் 2,300 என்று ஆயிற்று. 2021 அக்டோபரில் ஊருக்குப் பொதுவாகத் திறந்துவிட்டார். நவம்பர் முதல் தேதி ஆடியவர்கள் 90 பேர். இரண்டே மாதத்தில் அது லக்ஷக் கணக்காயிற்று. 2022 ஜனவரியில் 'நியூயார்க் டைம்ஸ்' அதை வாங்கிக்கொண்டது.

கவனியுங்கள். அகராதி தந்த பட்டியலை அவர் அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. ஒரு பெண்ணுக்கு எந்தெந்தச் சொல் பரிச்சயம் என்பதை வைத்து ஆட்டத்தைக் கட்டினார். அவள் படித்த புத்தகம், கேட்ட பேச்சு, வாங்கிய சாமான், பட்ட வருத்தம் எல்லாம் சேர்ந்துதான் ஒரு சொல்லைத் தெரியும் என்று அவளைச் சொல்ல வைத்திருக்க வேண்டும். லக்ஷோப லக்ஷம் பேர் கட்டங்களில் தேடிக்கொண்டிருந்தது ஒரு தனி மனுஷியின் சொந்தச் சொற்களை. அகராதிக்கும் மனிதருக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவு தெளிவாக வேறெங்கும் கணக்கிடப்பட்டு நான் பார்த்ததில்லை: 12,000-க்கும் 2,300-க்கும் உள்ள வித்தியாசம். நைஜல் ரிச்சர்ட்ஸ் ஜெயித்தது பெரிய எண்ணின் உலகத்தில். நாம் பேசுவதும் எழுதுவதும் சின்ன எண்ணின் உலகத்தில்.

இரண்டாவது விஷயம், இரண்டு நாவல்கள். எழுத்துக் கட்டுப்பாட்டை விளையாட்டிலிருந்து இலக்கியத்துக்குக் கொண்டுபோன புத்தகங்கள் அவை. இரண்டிலும் ஒரே நிபந்தனை: 'இ' என்ற எழுத்தே வரக் கூடாது.

முதல் நாவல் 'காட்ஸ்பி'. எர்னஸ்ட் வின்ஸென்ட் ரைட் என்ற அமெரிக்கர் எழுதி 1939-இல் வெளிவந்தது. 50,000 சொற்களுக்கு மேல். தவறிக்கூடக் கை போய்விடக் கூடாது என்று டைப்ரைட்டரில் அந்த எழுத்தின் கம்பியைக் கட்டிப்போட்டுவிட்டு எழுதினாராம். இங்கிலீஷில் இது என்ன கொடுமை என்று யோசித்துப் பாருங்கள். அவன், அவள், அவர்கள் என்று எழுத முடியாது. இறந்த கால விகுதியைப் பெரும்பாலும் சேர்க்க முடியாது. ஏழு முதல் இருபத்தொன்பது வரை ஓர் எண்ணைக்கூட எழுத்தால் எழுத முடியாது. இத்தனையும் தாண்டி அவர் சொன்ன கதை என்ன? தூங்கி வழிகிற ஓர் ஊரை இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு காட்ஸ்பி என்ற பெரியவர் முன்னுக்குக் கொண்டுவருகிறார். நூலகம் வருகிறது, பூங்கா வருகிறது, கல்யாணங்கள் நடக்கின்றன. அந்தக் கதைக்கும் காணாமற்போன எழுத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 'இ' இருந்திருந்தால் அந்த ஊர் இன்னும் சீக்கிரம் முன்னேறியிருக்கும். கம்பிமேல் நடக்கிறவனைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறோம். விழாமல் போய்ச் சேர்ந்ததும் கை தட்டுகிறோம். எங்கே போனான் என்று கேட்பதில்லை.

இரண்டாவது நாவல் பிரெஞ்சில். ஜார்ஜ் பெரெக் எழுதிய 'லா டிஸ்பாரிஸியோன்'. 'மறைவு' என்று சொல்லலாம். 1969-இல் வெளிவந்தது. பிரெஞ்சில் 'இ' இங்கிலீஷைவிட அதிகமாகப் புழங்குகிற எழுத்து. ஆன்டன் வாயில் என்று ஒருவன் காணாமற்போகிறான். சிநேகிதர்கள் தேடுகிறார்கள். எது மறைந்தது என்று கண்டுபிடிக்கப் போகிற சமயத்தில் ஒவ்வொருவராக அவர்களும் மறைகிறார்கள். புத்தகத்தில் 26 அத்தியாயங்களுக்கு எண் உண்டு. நாலுக்கு அப்புறம் ஆறு வருகிறது. ஐந்தாவது அத்தியாயம் இல்லை. அகர வரிசையில் ஐந்தாவது எழுத்துதான் அது. புத்தகம் வந்த புதிதில் ஒரு விமர்சகர் எழுத்து குறைந்திருப்பதைக் கவனிக்காமலே மதிப்புரை எழுதிவிட்டார் என்று சொல்வார்கள்.

இதுவரை கேட்டால் இதுவும் கம்பிமேல் நடக்கிற வித்தைதான். ஆனால் பெரெக் யார்? போலந்திலிருந்து பாரிஸுக்கு வந்து குடியேறிய யூதத் தம்பதியின் மகன். தகப்பனார் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து 1940-இல் யுத்தத்தில் இறந்தார். தாயாரை 1943-இல் ஆஷ்விட்ஸுக்கு ரயிலேற்றினார்கள், திரும்பவில்லை. பையனுக்கு அப்போது ஏழு வயதுகூட ஆகவில்லை. இப்போது அந்த எழுத்தைப் பாருங்கள். 'இ' இல்லாமல் பிரெஞ்சில் அப்பா என்று எழுத முடியாது. அம்மா என்று எழுத முடியாது. குடும்பம் என்று எழுத முடியாது. ஜார்ஜ் பெரெக் என்று தன் பெயரைக்கூட எழுத முடியாது. முந்நூறு பக்கம் ஒரு மனிதன் இந்தச் சொற்களைச் சொல்ல வாயில்லாமல் பேசிக்கொண்டே போகிறான். ஏதோ ஒன்று இல்லை என்று எல்லோருக்கும் தெரிகிறது. இல்லாதது எது என்று சொல்ல அவர்களிடம் எழுத்து இல்லை.

ஒரே நிபந்தனைதான். ஒன்றில் அது சாமர்த்தியமாக நின்றுவிட்டது, மற்றொன்றில் துக்கமாகிவிட்டது. வித்தியாசம் திறமையில் இல்லை. எழுத்தாளன் தன் மேல் போட்டுக்கொண்ட விலங்குக்கும் வாழ்க்கை அவன் மேல் போட்ட விலங்குக்கும் ஒரு பொருத்தம் இருந்ததா என்பதில்தான் இருக்கிறது. இந்தப் பெரெக் 1976 முதல் ஒரு பாரிஸ் வாரப் பத்திரிகைக்குக் குறுக்கெழுத்துப் புதிரும் தயாரித்துக் கொடுத்தவர் என்பதையும் சொல்லிவைக்கிறேன். ஆடத் தெரிந்த கைதான் அதையும் எழுதிற்று.

நமக்கு இது புதிதல்ல. உதடு ஒட்டாமலும் குவியாமலும் பாட வேண்டும் என்று நிரோட்டகம் என ஓர் அணி வைத்திருக்கிறோம். துறைமங்கலம் சிவப்பிரகாசர் அதோடு யமகத்தையும் சேர்த்துக்கொண்டு திருச்செந்தூர் முருகன்மேல் ஓர் அந்தாதியே பாடியிருக்கிறார். எழுத்தை எண்ணுவதும் பழைய வழக்கம். கட்டளைக் கலித்துறையில் ஓர் அடி நேரசையில் தொடங்கினால் 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. புள்ளி எழுத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அபிராமி அந்தாதி முழுவதும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதைப் பாடுகிற அம்மாள்களில் எத்தனை பேர் எழுத்தை எண்ணியிருப்பார்கள்? எண்ண வேண்டிய அவசியம் அவர்களுக்கு வரவில்லை என்பதுதான் அந்தக் கவிக்குப் பெருமை. நிரோட்டகத்தைப் படிக்கும்போது நாம் உதட்டைக் கவனிக்கிறோம். அபிராமி அந்தாதியில் அபிராமியைக் கவனிக்கிறோம். நல்ல கட்டுப்பாடு வேலை முடிந்ததும் சாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விடுகிறது.

இங்கிலீஷில் எழுத்தை எண்ணுவதில் மட்டும் ஒரு வேடிக்கை உண்டு. நம் எழுத்து ஒலித்தே தீரும். அவர்கள் எழுத்துக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. 'க்யூ' என்று வரிசைக்கு ஒரு சொல் இருக்கிறது. எழுதினால் ஐந்தெழுத்து. முதல் எழுத்தின் பெயரைச் சொன்னாலே சொல் முழுவதும் சொல்லியாகிவிட்டது. மீதி நாலும் பேசாமல் பின்னால் வரிசையில் நிற்கின்றன. இதைச் சொல்லிக்கொடுத்தவரும் வாத்தியார்தான்.

அவரிடமே திரும்பி வருகிறேன். அந்த ஆட்டத்தை அவர் வீட்டில் முதலில் ஆரம்பித்தது அவர் மனைவி. வெளியூரில் இருக்கிற பெண் தாயாருக்கு அனுப்பி வைத்தாள். அந்த அம்மாள் பள்ளிக்கூட இங்கிலீஷோடு நின்றவர். காபி டம்ளரோடு இருவரும் உட்காருவார்கள். முதல் சொல்லை அந்த அம்மாள்தான் போடுவார். தினமும் ஒரே சொல்: 'வாட்டர்'. ஐந்தெழுத்து. வாத்தியாருக்கு இதில் சம்மதம் இல்லை. "டபிள்யூவைப் போட்டு ஒரு கட்டத்தை வீணாக்குகிறாய். 'ஸ்லேட்' போடு. அடிக்கடி வருகிற எழுத்தெல்லாம் அதில் இருக்கிறது" என்பார். அது வாஸ்தவந்தான், கணக்குத் தெரிந்தவர்கள் சிபாரிசு செய்கிற சொல் அது. அந்த அம்மாள் கேட்கமாட்டார். "காலங்கார்த்தாலே வேறென்ன நினைப்பு வரும்? முதல்லே தண்ணி. அப்புறந்தான் மத்ததெல்லாம்" என்பார். குழாயில் தண்ணீர் வருகிறதா என்று நாலு மணிக்கே எழுந்து பார்த்துப் பழகிய தலைமுறை.

சென்ற வருஷம் ஐப்பசியில் அந்த அம்மாள் காலமாகிவிட்டார். பதினாறு நாளும் போய்ச் சில வாரம் கழித்து, ஒரு காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் வாத்தியார் செல்போனும் கையுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். பேச்சுக் கொடுக்க வேண்டுமே என்று, "இன்றைக்கு எத்தனையாவதில் கிடைத்தது, ஸார்?" என்று கேட்டேன்.

"நாலில். 'ஸ்லேட்' போட்டிருந்தால் மூணிலேயே வந்திருக்கும்" என்றார்.

"போட்டிருக்கலாமே?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "முதல் சொல் என் டிபார்ட்மென்ட் இல்லையே, ஸார்" என்றார்.

எலும்பைப் பற்றி அவர் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். ஐந்து கட்டத்துக்கு அர்த்தம் தெரியாது. 'வாட்டர்' போட்டாலும் 'ஸ்லேட்' போட்டாலும் அதற்கு ஒன்றுதான். பச்சை, மஞ்சள், சாம்பல். சொற்பட்டியலை விழுங்கி உலகப் பட்டம் வாங்குகிறவருக்கும் அது அதே கட்டம். ஆனால் அர்த்தம் இல்லாத இடத்தைப் பார்த்தால் மனிதருக்குச் சும்மா இருக்க முடியவில்லை. ஒருத்தி தனக்குத் தெரிந்த சொற்களைக் கொண்டுவந்து போடுகிறாள். ஒருவன் தாயையும் தகப்பனையும் எழுத முடியாத புத்தகத்தை எழுதுகிறான். ஒரு கிழவர் காரியத்துக்கு ஆகாத ஓர் எழுத்தைத் தெரிந்தே முதலில் போடுகிறார்.

இதனால் வேர்டில் இலக்கியமாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். வாத்தியாரும் அப்படிச் சொல்லவில்லை. எலும்பை எண்ணுகிற வேலை என்று எழுதின அந்த வரியை மட்டும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எண்ணுவதில் தோஷமில்லை. அஸ்தி பொறுக்குகிறவர்களும் எலும்பைத்தான் எடுக்கிறார்கள்; அது யாருடையது என்று அவர்களுக்குத் தெரியும்.